272 கணக்குகள், 5 படிவங்கள்: பிட்னர் வழக்கு

அபராதம் 27.2 லட்சம் டாலரா, 50 ஆயிரம் டாலரா? ஆள் ஒருவர்தான், தவறும் ஒன்றுதான் (வெளிநாட்டு வங்கிக் கணக்குகளைப் படிவத்தில் அரசுக்குச் சரியாகத் தெரிவிக்காதது), ஆண்டுகளும் அதே ஐந்துதான். கணக்குகளை எண்ணினால் முதல் தொகை வரும். படிவங்களை எண்ணினால் இரண்டாவது. படிவத்தைத்தான் எண்ண வேண்டும் என்று 2023 பிப்ரவரி 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற நூலிழைப் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. வழக்கின் பெயர் பிட்னர் எதிர் அமெரிக்க அரசு.

வெளிநாட்டு வங்கிக் கணக்கை அரசுக்குத் தெரிவிக்கும் விதியில் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்குகள் அபூர்வம். இதில் சிக்கியவர் குடியேறியவராகவும் இருந்தார், நாட்டுக்கு வெளியே வாழ்ந்தவராகவும் இருந்தார். அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் எஃப்டி போடும் தமிழர்களுக்கும், கிரீன் கார்டோடு சென்னைக்குத் திரும்பிவிட்டவர்களுக்கும் இது அந்நியக் கதை அல்ல.

அலெக்ஸாண்ட்ரு பிட்னர் ருமேனியாவில் பிறந்து வளர்ந்தவர். 1982இல் இள வயதில் அமெரிக்கா வந்தார். முதலில் பாத்திரம் கழுவும் வேலை, பிறகு பிளம்பர் வேலை. 1987இல் குடியுரிமை கிடைத்தது. கம்யூனிச ஆட்சி விழுந்ததும் 1990இல் ருமேனியாவுக்குத் திரும்பிப் போய்த் தொழிலில் இறங்கினார். தொழில் பிரமாதமாக நடந்தது: மொத்த வருமானம் 7 கோடி டாலருக்கு மேல் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் பதிவு செய்திருக்கிறது. ருமேனியா, சுவிட்சர்லாந்து, லிக்டன்ஸ்டைன் என்று பல நாடுகளில் கணக்குகள் குவிந்தன. அமெரிக்க பாஸ்போர்ட் மட்டும் கையிலேயே இருந்தது. 2011இல் மறுபடி அமெரிக்கா வந்த பிறகுதான், வெளிநாட்டில் இருந்த காலத்திலும் ஆண்டுதோறும் ஓர் அறிக்கை கொடுத்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவந்தது.

அந்த அறிக்கைதான் எஃப்பார். 1970இன் வங்கி ரகசியச் சட்டத்திலிருந்து பிறந்தது. விதி கேட்க எளிது: 'அமெரிக்க நபர்' ஒருவருடைய வெளிநாட்டு நிதிக் கணக்குகளின் மொத்த மதிப்பு ஆண்டில் எப்போதாவது 10,000 டாலரைத் தாண்டினால், எல்லாக் கணக்குகளையும் தெரிவிக்க வேண்டும். இதில் வரி ஏதும் கட்டுவதில்லை. வரிக் கணக்கோடு சேர்த்து அனுப்புவதும் இல்லை. ஃபின்சென் என்ற நிதிக்குற்றக் கண்காணிப்புப் பிரிவுக்கு இணையம் வழியாகத் தனியாகப் போகிறது. அமலாக்கம் மட்டும் அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ். கையில். கெடு ஏப்ரல் 15. தவறினால் கேட்காமலே அக்டோபர் 15 வரை நீட்டிப்பு உண்டு.

10,000 டாலர் என்ற வரம்பு 1980களிலும் அதேதான், இன்றும் அதேதான். விலைவாசிக்கு ஏற்ப அது ஏறவே இல்லை. ஆனால் அபராதத் தொகை மட்டும் ஆண்டுதோறும் ஏறுகிறது. பிட்னர் காலத்தில் வேண்டுமென்றே செய்யாத தவறுக்கு உச்சம் 10,000 டாலர். இப்போது அது 16,000ஐத் தாண்டிவிட்டது.

இன்னொரு விவரமும் முக்கியம். 2004 வரை வேண்டுமென்றே மறைத்தவர்களுக்குத்தான் அபராதம். தெரியாமல் விட்டவரையும் தண்டிக்கும் பிரிவு அந்த ஆண்டில்தான் சட்டத்தில் நுழைந்தது. 2009இல் சுவிட்சர்லாந்தின் யு.பி.எஸ். வங்கி 78 கோடி டாலர் கட்டச் சம்மதித்து, அமெரிக்க வாடிக்கையாளர்களின் பெயர்களையும் ஒப்படைக்கத் தொடங்கியபோது, இந்தப் பழைய படிவத்துக்குத் திடீரென்று பல் முளைத்தது. 2011 ஏப்ரலில் அந்தப் பார்வை இந்தியா பக்கமும் திரும்பியது. எச்.எஸ்.பி.சி.யின் இந்தியக் கிளைகளில் கணக்கு வைத்திருக்கும் அமெரிக்கவாசிகள் யார் யார் என்று அந்த வங்கியிடம் கேட்க, ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு சான்பிரான்சிஸ்கோ கூட்டாட்சி நீதிமன்றம் அனுமதி கொடுத்தது.

சரி, பிட்னர் என்ன செய்தார்? கணக்காளர் ஒருவரைப் பிடித்து 2007 முதல் 2011 வரையிலான படிவங்களைத் தாக்கல் செய்தார். அவற்றில் மிகப்பெரிய கணக்கு மட்டும் இருந்தது, மற்ற பல கணக்குகள் இல்லை. பிறகு வேறொரு கணக்காளர் வந்து, 2013இல் எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்திய படிவங்களைக் கொடுத்தார். 2007இல் 61 கணக்குகள், 2008இல் 51, அடுத்த இரண்டு ஆண்டுகளில் தலா 53, 2011இல் 54. மொத்தம் 272. திருத்திய படிவங்களில் தவறு இருப்பதாக அரசு சொல்லவில்லை. வேண்டுமென்றே மறைத்தார் என்றும் சொல்லவில்லை. 272ஐ 10,000ஆல் பெருக்கி நோட்டீஸ் அனுப்பிவிட்டது.

டெக்சஸ் மாவட்ட நீதிமன்றம் படிவத்துக்கு ஒன்று என்று சொல்லி 50,000 டாலரோடு நிறுத்தியது. டெக்சஸ் அடங்கிய வட்டாரத்துக்கான ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021இல் அதைப் புரட்டி, கணக்குக்கு ஒன்று என்றது. அதே ஆண்டில்தான் கலிபோர்னியா அடங்கிய ஒன்பதாம் வட்ட நீதிமன்றம் பாய்ட் என்ற வழக்கில் நேர்மாறாகத் தீர்ப்பு சொல்லியிருந்தது. அங்கே 13 பிரிட்டிஷ் கணக்குகள், தாமதமான ஒரே படிவம். அரசு கேட்டது 47,279 டாலர், நீதிமன்றம் அனுமதித்தது ஒரே ஒரு அபராதம். ஆக, கலிபோர்னியாவில் இருப்பவருக்கு ஒரு நியாயம், டெக்சஸில் இருப்பவருக்கு வேறு நியாயம். உச்ச நீதிமன்றம் தலையிட இதுவே காரணம்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நீல் கோர்சச். அவருடைய வாதத்தின் அச்சு இது: சட்டம் போடும் கடமை 'அறிக்கை கொடு' என்பதுதான். சரியான அறிக்கை கொடுத்தாயா இல்லையா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற இரண்டு விடைதான் உண்டு. உள்ளே ஒரு பிழையா நூறு பிழையா என்பது வேறு கேள்வி. வேண்டுமென்றே செய்த தவறுகளுக்கான பிரிவில் கணக்கிலுள்ள இருப்பை வைத்து அபராதம் போடச் சட்டமே சொல்கிறது; தெரியாமல் செய்த தவறுக்கான பிரிவில் அந்தப் பேச்சே இல்லை. கணக்குவாரியாகத் தண்டிக்க நாடாளுமன்றம் நினைத்திருந்தால் அங்கேயும் எழுதியிருக்கும். அரசே வெளியிட்ட வழிகாட்டுதல்களும் எச்சரிக்கைகளும் படிவத்தைத் தாக்கல் செய்யாததைப் பற்றித்தான் பேசின என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

கணக்குவாரிப் பெருக்கலின் கோணலைக் காட்ட அவர் இரண்டு பேரைக் கற்பனை செய்தார். ஒருவருக்கு ஒரே கணக்கில் ஒரு கோடி டாலர். இன்னொருவருக்கு ஒரு டஜன் கணக்குகளில் சேர்த்து 10,001 டாலர். இரண்டு பேரும் தெரியாமல் படிவம் கொடுக்கவில்லை. அரசின் வாதப்படி பணக்காரருக்கு 10,000 டாலர், மற்றவருக்கு 1,20,000 டாலர்.

எதிர்த்தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஏமி கோனி பாரெட். தாமஸ், சோட்டோமேயர், கேகன் மூவரும் அவரோடு சேர்ந்தார்கள். வலது இடது என்று வழக்கமாகப் பிரியும் அணிகள் இதில் கலைந்துபோனதைக் கவனிக்க வேண்டும். கோர்சச்சின் தீர்ப்பு முழுவதிலும் அவரோடு உடன்பட்டவர் கேட்டன்ஜி பிரவுன் ஜாக்சன் ஒருவர்தான். பாரெட்டின் வாதம் லேசானது அல்ல. சட்டம் கேட்பது ஒவ்வொரு வெளிநாட்டுக் கணக்கைப் பற்றிய தகவல். படிவம் அதைக் கொண்டு சேர்க்கும் வழி மட்டுமே. பத்துக் கணக்குகளைச் சொல்லாமல் விட்டால் பத்துக் கடமைகள் தவறின. நியாயமான காரணம் இருந்தால் மன்னிக்கும் விதிகூட 'கணக்கிலுள்ள இருப்பு' சரியாகத் தெரிவிக்கப்பட்டதா என்றுதானே கேட்கிறது? தர்க்கமாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் நிற்கும். எனக்குக் கோர்சச் பக்கம் சாய்வு வருவதற்குக் காரணம் சட்ட வாசகம் அல்ல, நம் ஊர் வங்கிப் பழக்கம்.

நம் ஊரில் சேமிப்பவர் எப்படிச் சேமிக்கிறார் என்று பாருங்கள். பத்து லட்சத்தை ஒரே எஃப்டியாகப் போடுவது குறைவு. அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம், மற்றவற்றின் வட்டி கெடாது என்று ஒவ்வொரு லட்சமாகப் பிரித்துப் போடுவார்கள். வங்கி ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுக்கும். எஃப்பாரில் அவை தனித்தனிக் கணக்குகளாகத்தான் ஏறுகின்றன. ஒரு என்.ஆர்.ஓ. (வெளிநாடுவாழ் இந்தியர் தன் இந்திய வருமானத்தை வைக்கும்) சேமிப்புக் கணக்கில் ஒரு லட்சம், பதினொரு எஃப்டியில் தலா ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12 லட்சம். டாலர் 85 ரூபாய் என்றால் ஏறக்குறைய 14,100 டாலர். வரம்பைத் தாண்டியாயிற்று. கணக்குவாரிப் பெருக்கலில் ஓர் ஆண்டுக்கு 1,20,000 டாலர், அதாவது ஒரு கோடி ரூபாய்க்கு மேல். ஐந்தாண்டுக்கு ஐந்து கோடி. கையில் இருப்பதோ 12 லட்சம். கோர்சச் கற்பனை செய்த அந்த 'ஒரு டஜன் கணக்குக்காரர்' மயிலாப்பூரிலும் திருச்சியிலும் நிஜமாகவே இருக்கிறார்.

ஆனால் இதே கணக்கை பிட்னர் தீர்ப்புக்குப் பிறகு போட்டுப் பார்த்தாலும் முழு நிம்மதி கிடைக்காது. ஐந்து படிவத்துக்கு 50,000 டாலர், 42 லட்சம் ரூபாய்க்கு மேல். 12 லட்சத்துக்கு அது மூன்றரை மடங்கு. ஏழு கோடி டாலர் சம்பாதித்த பிட்னருக்கு அதே 50,000 கைச்செலவு. தீர்ப்பு பெருக்கலைத்தான் சரிசெய்தது. சிறிய சேமிப்பாளரையும் பெரிய தொழிலதிபரையும் ஒரே அளவுகோலில் நிறுத்தும் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. சட்டத்தில் உள்ளது உச்சவரம்புதான், ஐ.ஆர்.எஸ். குறைத்துப் போடலாம், பெரும்பாலும் குறைத்தே போடுகிறது என்பது உண்மை. ஆனால் அது அதிகாரியின் தயவு.

வரம்பைத் தாண்டுவது எவ்வளவு எளிது என்பதற்கும் ஒரு கணக்கு. ஆறு லட்ச ரூபாய் எஃப்டி ஜூனில் முதிர்கிறது. பணம் சேமிப்புக் கணக்குக்கு வருகிறது, அங்கிருந்து வேறு எண்ணில் புதிய எஃப்டிக்குப் போகிறது. படிவத்தின் வழிமுறைப்படி ஒவ்வொரு கணக்கும் அந்த ஆண்டில் தொட்ட உச்சத்தைக் கூட்ட வேண்டும். ஒரே ஆறு லட்சம் மூன்று கணக்குகளில் மூன்று முறை எண்ணப்பட்டுப் பதினெட்டு லட்சம் ஆகிவிடுகிறது. அப்பாவின் கணக்கில் 'இருவரில் ஒருவர்' என்று பெயர் சேர்த்திருந்தால் அதிலுள்ள முழுத் தொகையும் சேரும். ஒரு ரூபாய்கூட நம்முடையது இல்லை என்றாலும் சேரும். டீமேட் கணக்கு, மியூச்சுவல் ஃபண்டு, சரண்டர் மதிப்புள்ள எல்.ஐ.சி. பாலிசி எல்லாம் உள்ளே. நிலம், வீடு, லாக்கரில் உள்ள நகை வெளியே.

தெரியாது என்று சொன்னால் விட்டுவிடுவார்களா? பிட்னர் அதையும் முயன்றார். நியாயமான காரணம் என்ற பாதுகாப்பை மாவட்ட நீதிமன்றமும் ஐந்தாம் வட்டமும் ஏற்கவில்லை. இவ்வளவு பெரிய தொழில் நடத்தத் தெரிந்தவர், தன் கடமை என்ன என்று விசாரிக்க முயற்சியே எடுக்கவில்லை என்பது அவர்கள் பார்வை. இந்த இடம் செய்திகளில் அதிகம் வரவில்லை. ஜெயித்தவர் என்று சொல்லப்படும் பிட்னரும் 50,000 டாலர் கட்ட வேண்டியவர்தான்.

வேண்டுமென்றே என்று முத்திரை விழுந்தால் பிட்னர் தீர்ப்பு துணைக்கு வராது. அப்போது உச்சம் 1,00,000 டாலர் (இதுவும் இப்போது ஏறியிருக்கிறது) அல்லது கணக்கின் இருப்பில் பாதி, இரண்டில் எது அதிகமோ அது. மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் அலட்சியத்தின் உச்சத்தையும் இதில் சேர்த்துவிட்டன. வரிப் படிவத்தின் ஷெட்யூல் பி-யில் 'வெளிநாட்டுக் கணக்கு உண்டா' என்ற கேள்விக்குப் படித்துப் பார்க்காமல் 'இல்லை' என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போடுவது இதில்தான் வந்து கடிக்கும். மோனிகா டோத் என்ற மூதாட்டியின் வழக்கு ஒரு உதாரணம். நாஜிகளிடமிருந்து தப்பி அர்ஜென்டினா போன தந்தை விட்டுச்சென்ற சுவிஸ் கணக்குக்கு அவர்மேல் விழுந்த அபராதம் ஏறக்குறைய 21 லட்சம் டாலர். இது அரசியல் சாசனம் தடுக்கும் மிகையான அபராதம் அல்லவா என்று கேட்டார்; முதலாம் வட்டம் இல்லை என்றது, உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் வழக்கை எடுக்கவே மறுத்தது. பதினோராம் வட்டமோ ஷ்வார்ட்ஸ்பாம் வழக்கில் 2024 ஆகஸ்டில் எதிர்த்திசையில் போய், அந்த வரம்பு இதற்கும் பொருந்தும் என்று சொல்லி 3 லட்சம் டாலரைக் குறைத்தது. இந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

அடுத்த கேள்வி, யார் 'அமெரிக்க நபர்'? குடிமகன் எங்கே வாழ்ந்தாலும் அமெரிக்க நபர்தான். பிட்னர் மாட்டியது அங்கேதான். நியூ ஜெர்சியில் பிறந்து, இரண்டு வயதில் பெற்றோரோடு கோயம்புத்தூர் வந்துவிட்ட பிள்ளையும் குடிமகன்தான். தாத்தா அந்தப் பிள்ளை பெயரில் பெரிய டெபாசிட் போட்டால் பெற்றோர்தான் படிவம் கொடுக்க வேண்டும். எஃப்1 விசாவில் படிக்கும் மாணவருக்கு முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் இருப்பு நாட்கள் எண்ணப்படுவதில்லை, அதனால் பெரும்பாலும் எஃப்பார் இல்லை. எச்1பி என்ற வேலை விசாக்காரருக்கு நாள் கணக்கு: இந்த ஆண்டில் குறைந்தது 31 நாள், அத்துடன் இந்த ஆண்டு நாட்கள் முழுதாக, போன ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தையதில் ஆறில் ஒரு பங்கு சேர்த்து 183. இந்தியாவிலிருந்து வந்து அக்டோபர் 1 அன்று வேலைக்குச் சேர்பவருக்கு அந்த ஆண்டில் 92 நாள்தான், அவர் வெளியே. அடுத்த ஆண்டு உள்ளே.

கிரீன் கார்டு இன்னும் வழுக்கும் இடம். அட்டை காலாவதியாகிப் பீரோவில் கிடக்கிறது, ஆள் ஐந்து வருஷமாகத் தாம்பரத்தில் இருக்கிறார். முறைப்படி ஒப்படைக்காத, அரசும் ரத்து செய்யாத கிரீன் கார்டுக்காரர் வரிச் சட்டப்படி அமெரிக்கவாசியாகவே தொடர்கிறார். இங்கே அவருக்கு இன்னொரு கடமையும் காத்திருக்கிறது: இந்தியாவில் சாதாரணக் குடியிருப்பாளர் ஆனதும் அமெரிக்க வங்கிக் கணக்கையும் 401கே என்ற ஓய்வூதியச் சேமிப்பையும் இந்திய வருமான வரிப் படிவத்தின் ஷெட்யூல் எஃப்.ஏ. என்ற வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்ட வேண்டும். ஒரே மனிதர், இரண்டு அரசுகளுக்கும் எதிரெதிர்த் திசையில் ஒப்பிக்க வேண்டும்.

இந்தக் கிரீன் கார்டுக்காரருக்கு ஒரு ஜன்னல் திறந்தது 2023 நவம்பரில், அரோஸ்டே வழக்கில். மெக்சிகோ குடிமகன், கையில் கிரீன் கார்டு, வாழ்க்கை மெக்சிகோவில். இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி தான் மெக்சிகோவாசி, ஆகவே 2012க்கும் 2013க்கும் எஃப்பார் கொடுக்க வேண்டியதில்லை என்றார். ஒப்பந்தம் வருமான வரிக்குத்தான், எஃப்பாருக்குச் செல்லாது என்பது அரசின் நெடுநாள் நிலைப்பாடு. கலிபோர்னியாவின் தென் மாவட்ட நீதிமன்றம் அரோஸ்டே பக்கம் நின்றது. எஃப்பார் விதியே 'குடியிருப்பாளர்' யார் என்பதை வரிச் சட்டத்தின் வரையறையிலிருந்து எடுக்கிறது. அந்த வரையறைக்குள்ளேயே ஒப்பந்தத்துக்கான விலக்கு இருக்கிறது என்பது அதன் காரணம். ஒப்பந்த நிலையை அவர் தாமதமாகத் தெரிவித்ததற்குத் தனி அபராதம் உண்டு, ஆனால் அதனால் அந்த நிலையே பறிபோகாது என்றும் சொன்னது.

இந்திய-அமெரிக்க ஒப்பந்தத்திலும் இதுபோன்ற பிரிவு உண்டு. ஆனாலும் தாம்பரத்துக்காரர் உடனே துள்ள வேண்டாம். இது மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு, மற்ற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஒப்பந்தப்படி நான் இந்தியவாசி என்று எழுதிக் கொடுப்பது கிரீன் கார்டையே ஆட்டிவைக்கலாம். பதினைந்து ஆண்டில் எட்டு ஆண்டு கார்டு வைத்திருந்தவருக்கு, அந்த நிலையை விட்டு விலகுபவர்மேல் போடப்படும் வெளியேறும் வரியும் கதவைத் தட்டும். குடிமக்களுக்கோ இந்த ஜன்னல் மூடியே இருக்கிறது. பிட்னர் இதைப் பயன்படுத்தியிருக்கவே முடியாது.

விட்டுப்போன ஆண்டுகளை என்ன செய்வது? வருமானம் எல்லாம் வரிக் கணக்கில் சரியாகக் காட்டியிருந்து, படிவம் மட்டும் விடுபட்டிருந்தால், தாமத எஃப்பாருக்கென்று உள்ள வழியில் காரணத்தைச் சொல்லித் தாக்கல் செய்யலாம். பொதுவாக அபராதம் இல்லை. நம்மவர்கள் வழுக்குவது, வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை ஊருக்கு அனுப்பிப் போட்டுவைக்கும் என்.ஆர்.இ. கணக்கின் வட்டியில். இந்தியாவில் அதற்கு வரி இல்லை, அதனால் அமெரிக்கக் கணக்கிலும் காட்டியிருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் அதற்கு வரி உண்டு. அப்போது இந்த வழி அடைபடும். மிச்சம் இருப்பது, வேண்டுமென்றே விடாதவர்களுக்கான 'ஸ்ட்ரீம்லைன்ட்' முறை. மூன்று ஆண்டு வரிக் கணக்கு, ஆறு ஆண்டு எஃப்பார். வெளிநாட்டில் வாழ்ந்ததற்கான நாள் நிபந்தனையை நிறைவேற்றினால் அபராதம் பூஜ்யம். அமெரிக்காவில் வசித்தால், மறைந்திருந்த சொத்தின் ஆண்டிறுதி மதிப்புகளில் எது அதிகபட்சமோ அதில் 5 சதவீதம். நம் 12 லட்சக்காரருக்கு 60,000 ரூபாய்.

இதற்கு ஒரு வாக்குமூலம் எழுத வேண்டும்: எப்போது வந்தேன், கணக்கு எப்படித் தொடங்கியது, வரி யார் பார்த்தார்கள், ஏன் தெரியாமல் போனது. நகலெடுத்த நாலு வரிக்கு மதிப்பில்லை. பொய் சொன்னால் தனிக் குற்றம். ஐ.ஆர்.எஸ். தணிக்கையைத் தொடங்கிவிட்டால் இந்தக் கதவும் மூடிவிடும். அந்தத் தணிக்கைக்கான தகவல் இப்போது நம் வங்கிகளிலிருந்தே போகிறது. 2015 ஜூலையில் இந்தியா, அமெரிக்கர்களின் கணக்கு விவரங்களை அமெரிக்காவுக்குத் தெரிவிக்கும் ஃபாட்கா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அதற்குப் பிறகு கே.ஒய்.சி. புதுப்பிக்கும்போதும் ஃபண்டில் பணம் போடும்போதும் நீட்டப்படும் சுயஉறுதித் தாளில், பிறந்த நாடு, வரி கட்டும் நாடு, அமெரிக்க வரி எண் ஆகிய மூன்று கட்டங்கள் அதற்காகத்தான் இருக்கின்றன.